இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி மீது குண்டு வீசப் போன விமானத்துக்குள் அந்த இரவு எப்படி இருந்திருக்கும்?

இருட்டு, எலும்பைத் துளைக்கும் குளிர், காதை அடைக்கும் இரைச்சல். ஏழு பேர் ஒரே விமானத்தில் போவார்கள். ஆனால் ஏழெட்டு மணி நேரத்தில் பெரும்பாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. அந்த ஏழு பேரையும் ஒரு குழுவாகக் கட்டி வைத்திருந்தது ஒரே ஒரு ஒயர்தான், விமானத்துக்குள் தங்களுக்குள் பேசிக்கொள்ள உதவும் இன்டர்காம் ஒயர். அது அறுந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கு 1944 மார்ச் 30 இரவு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் எழுதுவது பிரிட்டிஷ் விமானப்படையின் இரவு விமானங்களைப் பற்றி மட்டும். அமெரிக்கர்கள் பகலில் போனார்கள், ஒரு விமானத்தில் பத்துப் பேர், கூட்டமாக அணிவகுத்துப் பறந்தார்கள். அது வேறு மாதிரியான நரகம்.

இந்த விஷயத்தில் எனக்கு ஆர்வம் வந்ததே தற்செயல். நாங்கள் இருப்பது நாட்டிங்ஹாமில். கிழக்கே காரில் போனால் லிங்கன்ஷயர். போர்க்காலத்தில் அங்கே திரும்பிய பக்கமெல்லாம் விமானத்தளம். அதில் ஈஸ்ட் கிர்க்பி என்ற பழைய தளத்தில் 'ஜஸ்ட் ஜேன்' என்ற, லங்காஸ்டர் வகைக் குண்டுவீச்சு விமானம் ஒன்றை வைத்துப் பராமரிக்கிறார்கள். நாங்கள் போனபோது அது பறக்கவில்லை. ஆனால் நான்கு என்ஜின்களையும் ஓடவிட்டு, புல்வெளியில் உருட்டிக் காட்டினார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்றபோது என் பையன் ஏதோ கேட்டான். உதடு அசைவதுதான் தெரிந்தது. வெளியே நின்ற எங்களுக்கே இப்படி என்றால் உள்ளே இருந்தவர்கள் கதி?

பிறகு என்ஜின்களை அணைத்துவிட்டு உள்ளே ஏற விட்டார்கள். வெளியே இருந்து பார்த்தால் பெரிய விமானம். உள்ளே போனால் குனிந்தே நடக்க வேண்டும். நடுவில், இரண்டு இறக்கைகளையும் தாங்கும் உத்திரம் வழியை மறித்துக் குறுக்கே ஓடுகிறது. அதன் மேல் காலைத் தூக்கிப் போட்டு, வயிறு உரச, தலையை இடிக்காமல் அந்தப் பக்கம் இறங்க வேண்டும். டி-ஷர்ட் போட்டுக்கொண்டு, பகல் வெளிச்சத்தில், தரையில் நின்ற விமானத்திலேயே எனக்கு மூச்சு வாங்கியது. தடித்த உடை, பூட்ஸ், பாராசூட் வார்களோடு, கும்மிருட்டில், சுழன்று விழும் விமானத்தில் அதைத் தாண்டி வாசலுக்கு வர வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள்.

பையனுக்கு வேறு கவலை. "அப்பா, இதுல பாத்ரூம் எங்கே?" வழிகாட்டியாக வந்த பெரியவருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் கேள்வி புரிந்துவிட்டது போல. சிரித்துக்கொண்டே பின்பக்கம் கை காட்டினார். மூடி போட்ட ஒரு வாளி, அவ்வளவுதான். அதுவும் உத்திரத்துக்கு அந்தப் பக்கம். விமானிக்கு அந்த வசதியும் கிடையாது. அவர் ஒருவர்தான், மாற்று ஆள் இல்லை. அவசரம் என்றால் உட்கார்ந்த இடத்திலேயே ஒரு டப்பா.

சரி, ஏழு பேர் யார் யார்? விமானி. அவருக்குப் பக்கத்தில் என்ஜினையும் பெட்ரோலையும் கவனிக்கும் ஃப்ளைட் என்ஜினியர். திரைச்சீலைக்குப் பின்னால் சின்ன விளக்கு வெளிச்சத்தில் வரைபடத்தோடு மல்லுக்கட்டும் நேவிகேட்டர். ரேடியோக்காரர். மூக்கில் படுத்துக்கொண்டு குண்டு போடும் ஆள். முதுகின் மேல் ஒரு துப்பாக்கிக்காரர், வாலில் ஒரு துப்பாக்கிக்காரர். சராசரி வயது இருபத்திரண்டு. விமானிதான் தலைவர், அவரை விட உயர்ந்த பதவியில் இருப்பவர் பின்னால் உட்கார்ந்திருந்தாலும் விமானத்துக்குள் அவர் சொன்னதுதான். எல்லோருக்கும் அவர் 'ஸ்கிப்பர்'.

இந்தக் குழுக்களை அமைத்த விதம் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். விமானிகள், நேவிகேட்டர்கள், ரேடியோக்காரர்கள் என்று பயிற்சி முடித்தவர்களை ஒரு பெரிய விமானக் கொட்டகையில் விட்டு, "நீங்களே பேசி ஆள் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுவார்களாம். பட்டாளத்தில் சாப்பாட்டு நேரத்தைக்கூட உத்தரவு போட்டுத்தான் தீர்மானிப்பார்கள். ஆனால் யாரோடு சாகப் போகிறோம் என்பதை மட்டும், ஹாஸ்டலில் ரூம்மேட் பிடிக்கிற மாதிரி, முகத்தைப் பார்த்து முடிவு செய்ய விட்டிருக்கிறார்கள். அது பலித்தது என்பதுதான் ஆச்சரியம்.

அன்றைக்குப் பறக்க வேண்டும் என்று காலையிலேயே தெரிந்துவிடும். எங்கே என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் தரைப் பணியாளர்கள் எவ்வளவு பெட்ரோல் நிரப்புகிறார்கள் என்பதை வைத்தே ஊகித்துவிடுவார்கள். லங்காஸ்டரில் முழுக்க நிரப்பினால் 2,154 கேலன், ஏறக்குறைய 9,800 லிட்டர். தொட்டி நிரம்ப நிரம்ப முகங்கள் வாடும், ஜெர்மனியின் உள்ளே ரொம்ப தூரம் என்று அர்த்தம். மாலையில் ஒரு கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்து, வரைபடத்தை மூடியிருக்கும் திரையை விலக்குவார்கள். போகும் பாதை நாடாவால் குறிக்கப்பட்டிருக்கும். கிளம்பும் முன் முட்டையும் பேக்கனும் சாப்பாடு. சாதாரண ஜனங்களுக்கு வாரத்துக்கு ஒரு முட்டை கிடைப்பதே பெரும்பாடு என்றிருந்த காலம் அது. தூக்கம் வராமல் இருக்க மாத்திரை, சாக்லேட், ஃப்ளாஸ்கில் காபி. விமானம் விழுந்து உயிர் பிழைத்தால் வழி கண்டுபிடிக்கப் பட்டுத்துணியில் அச்சடித்த வரைபடம். ஏறும் முன் வால் சக்கரத்தில் சிறுநீர் கழித்துவிட்டு ஏறுவது பல குழுக்களுக்குச் சம்பிரதாயம். ராகுகாலம் பார்ப்பவர்களை நாம் கிண்டல் செய்ய உரிமை இல்லை.

1944 மார்ச் 30 அன்று திரை விலகியபோது நாடா போய் நின்ற இடம் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரம். அரை நிலா இரவு. நிலா வெளிச்சத்தில் இவ்வளவு தூரம் பெரும்படையை அனுப்புவது வழக்கமில்லை. போகும் வழியில் உயரத்தில் மேகம் இருக்கும், அது மறைத்துக்கொள்ளும் என்று வானிலைக்காரர்கள் சொன்னதை நம்பித் திட்டம் போட்டார்கள். பிற்பகலில் பார்த்துவரப் போன கொசு விமானம் (மஸ்கிட்டோ என்ற வேக விமானத்தை அப்படித்தான் சொல்லத் தோன்றுகிறது) மேகம் இருக்காது போலிருக்கிறதே என்று செய்தி கொண்டுவந்தது. திட்டத்தை ரத்து செய்யவில்லை. இரவு பத்து மணி வாக்கில் 795 விமானங்கள் கிளம்பின.

இப்போது விமானத்துக்குள் வருவோம். பத்தாயிரம் அடி தாண்டினால் ஆக்சிஜன் முகமூடி. அந்த முகமூடிக்குள்தான் மைக். தலையில் இறுக்கமான தோல் தொப்பி, அதில் காதுக்கு ஒலிபெருக்கி. இரண்டும் ஒரு ஒயரில் சேர்ந்து சுவரில் உள்ள துளையில் போய்ச் செருகிக்கொள்ளும். எழுந்து நகர வேண்டும் என்றால் அதைக் கழற்ற வேண்டும். கழற்றினால் மற்ற ஆறு பேரும் இல்லாமல் போனது மாதிரி.

அதில் அரட்டை கூடாது. பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் குறைவு. "ஸ்கிப்பர் டு ரியர் கன்னர்" என்று வேலையின் பெயரைச் சொல்லித்தான் அழைப்பு. பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை விமானி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்ப்பார். பாசத்துக்காக மட்டும் இல்லை. வாலில் உட்கார்ந்திருப்பவருக்குக் குளிர் மைனஸ் 40 டிகிரி வரை போகும். மூச்சு உறைந்து ஆக்சிஜன் குழாயில் பனிக்கட்டி கட்டும், அடிக்கடி அதைக் கையால் கசக்கி உடைக்க வேண்டும். மறந்தால் ஆக்சிஜன் நின்றுபோகும். நின்றுபோனது அவருக்கே தெரியாது, லேசாகக் கிறுகிறுத்து, சுகமாகக் கூட இருக்கும். பதில் குழறினாலோ தாமதித்தாலோதான் மற்றவர்களுக்குத் தெரியும். ஆக, "நல்லா இருக்கியா?" என்ற கேள்வி அங்கே உயிர் காக்கும் கருவி.

சண்டையிலும் இப்படித்தான். பின்னால் எதிரி விமானம் வருவது விமானிக்குத் தெரியாது. வாலில் இருப்பவர் பார்த்து, "கார்க்ஸ்க்ரூ போர்ட், கோ!" என்று கத்துவார். அந்தக் கணம் விமானி ஏன் எதற்கு என்று கேட்காமல் முப்பது டன் விமானத்தை இடப்பக்கம் கவிழ்த்துப் பாய வேண்டும், பிறகு வலப்பக்கம் ஏற வேண்டும், திருகாணி சுற்றுகிற மாதிரி. படையில் எந்தச் சாதாரண சார்ஜென்டும் அதிகாரிக்கு இப்படி உத்தரவு போட முடியாது. இங்கே முடியும். இலக்குக்கு மேலே வந்துவிட்டால் உத்தரவு மூக்கில் படுத்திருப்பவர் கைக்குப் போய்விடும். "லெஃப்ட் லெஃப்ட்... ஸ்டெடி... ரைட்..." என்று அவர் சொல்லச் சொல்ல விமானி ஓட்ட வேண்டும். இடது என்றால் இரண்டு தடவை, வலது என்றால் ஒரு தடவை. இரைச்சலில் வார்த்தை கேட்காவிட்டாலும் எண்ணிக்கை கேட்கும் அல்லவா. இதை யோசித்து வைத்தவர் யாரோ, அவர் கெட்டிக்காரர்.

குண்டு போட்டதும் திரும்பிவிடலாமா என்றால் அதுவும் இல்லை. அரை நிமிடம் போல நேராகவே பறந்து, போட்ட இடத்தைப் படம் எடுக்க வேண்டும். படம் இல்லாவிட்டால் போனதற்கே சாட்சி இல்லை. அந்த அரை நிமிடத்தைத்தான் அதிகம் வெறுத்ததாகப் பல பழைய விமானிகள் சொல்லியிருக்கிறார்கள்.

ரேடியோக்காரர் செய்த ஒரு வேலையைச் சொல்லாமல் போக மனமில்லை. ஜெர்மன் தரைநிலையம் தன் இரவு விமானிகளுக்கு வழிசொல்லும் குரலை அவர் ரேடியோவில் தேடிப் பிடிப்பார். பிடித்ததும் அதே அலைவரிசையில் தன் விமானத்தின் என்ஜின் சத்தத்தை அனுப்புவார், அதற்கென்றே என்ஜின் கூட்டுக்குள் ஒரு மைக் வைத்திருந்தார்கள். தன் ஒயரைக் காப்பாற்றிக்கொண்டு எதிரியின் ஒயரை அறுக்கிற வேலை.

நியூரம்பர்க் இரவில் மேகம் இல்லை. பெல்ஜியத்திலிருந்து ஜெர்மனிக்குள் 425 கிலோமீட்டர் போல, ஒரு திருப்பமும் இல்லாமல் ஒரே நேர்கோட்டில் பாதை போட்டிருந்தார்கள். ஜெர்மன் இரவு விமானங்கள் கூடிக் காத்திருக்கும் இரண்டு ரேடியோ கலங்கரை விளக்கங்களுக்குப் பக்கத்திலேயே அந்தக் கோடு போனது. குளிர் எப்படி இருந்ததென்றால், ஒவ்வொரு விமானத்துக்குப் பின்னாலும் வெள்ளைப் புகைக்கோடு நீண்டு, நிலா வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்ததாம். போகும் வழியிலும் இலக்கின் அருகிலும் மட்டும் 82 விமானங்கள் பறிபோயின. மொத்தம் 95. ஒரே இரவில் இறந்தவர்கள் 545 பேர். 1940-இல் பிரிட்டன் வானில் நடந்த 'பிரிட்டன் சண்டை' முழுவதிலும் இறந்த பிரிட்டிஷ் போர் விமானிகளின் எண்ணிக்கையும் ஏறக்குறைய அதேதான். காற்று ஏமாற்றிவிட்டதால் நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் தவறுதலாக ஷ்வைன்ஃபுர்ட் என்ற வேறு ஊரின் மேல் குண்டு போட்டுவிட்டு வந்தன.

அந்த 795-இல் ஒன்று சிரில் ஜோ பார்ட்டன் ஓட்டிய ஹாலிஃபாக்ஸ், லங்காஸ்டர் மாதிரியே நான்கு என்ஜின் குண்டுவீச்சு விமானம். வயது 22. யார்க்ஷயரில் பர்ன் என்ற தளத்திலிருந்து கிளம்பிய 578-ஆம் ஸ்குவாட்ரன். விமானத்துக்கு 'எக்ஸ்காலிபர்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

இலக்குக்கு 110 கிலோமீட்டர் இருக்கும்போது யுங்கர்ஸ் 88 என்ற ஜெர்மன் விமானம் ஒன்று சுட்டது. முதல் வெடியிலேயே போனது இன்டர்காம். பிறகு இன்னொரு விமானமும் சேர்ந்துகொண்டு தாக்கியது. ஒரு என்ஜின் பழுதானது. துப்பாக்கிகளும் வேலை செய்யவில்லை. வாலில் இருப்பவரால் எதிரியைப் பார்க்க முடிகிறது, கத்த முடிகிறது, ஆனால் யாருக்கும் கேட்காது. இந்த மாதிரி நேரத்துக்கென்று சைகைகள் பேசி வைத்திருப்பார்கள். அந்தக் குழப்பத்தில் ஒரு சைகையைத் தப்பாகப் புரிந்துகொண்டார்கள், 'குதி' என்று. ஹாலிஃபாக்ஸில் நேவிகேட்டர், குண்டு போடுபவர், ரேடியோக்காரர் மூவரும் இருப்பது முன்பக்கத்தில், விமானிக்குக் கீழே. தப்பிக்கும் கதவும் நேவிகேட்டரின் இடத்திலேயே இருந்தது. மூவரும் குதித்துவிட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். வழி சொல்ல ஆள் இல்லை. குண்டு போட ஆள் இல்லை. ரேடியோ இயக்க ஆள் இல்லை. பின்னால் மூன்று பேர் இருக்கிறார்கள், அவர்களோடு இன்டர்காமில் பேச வழி இல்லை. திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பார்ட்டன் தொடர்ந்து போய்த் தானே குண்டுகளைப் போட்டார். திரும்பும்போது பழுதான என்ஜினின் இறக்கைவிசிறி கழன்று பறந்தது. இரண்டு பெட்ரோல் தொட்டிகளில் ஒழுக்கு. எதிர்க்காற்று. மூன்று என்ஜினோடு நாலரை மணி நேரப் பயணம். கடைசியில் இங்கிலாந்துக் கரையை எட்டியபோது தன் தளத்திலிருந்து 145 கிலோமீட்டர் வடக்கே மட்டும்தான் விலகியிருந்தார். வழிகாட்டும் ஆளே இல்லாமல் ஜெர்மனியின் நடுவிலிருந்து வந்தவருக்கு இது விலகலே இல்லை. என்னைக் கேட்டால் குண்டு போட்டதைவிட இதுதான் பெரிய சாதனை.

அதற்குள் பெட்ரோல் தீர்ந்துவிட்டது. இறங்க இடம் தேடுவதற்குள் என்ஜின்கள் நின்றன, ஒன்றுதான் மிச்சம். குதிக்க முடியாத அளவுக்குத் தாழ்வாக வந்துவிட்டார்கள். பின்னால் இருந்த மூவரையும் மோதலுக்குத் தயாராக உட்காரச் சொல்லிவிட்டு, கீழே தெரிந்த வீடுகளைத் தவிர்க்கப் பார்த்தார். சண்டர்லாந்துக்குப் பக்கத்தில் ரைஹோப் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில், விடியும் நேரத்தில், விமானம் விழுந்தது. பார்ட்டன் இறந்தார். மூவரும் பிழைத்தார்கள். ஜெர்மனியில் குதித்த மூவரும் போர்க்கைதிகளாகப் பிழைத்தார்கள். ஏழு பேரில் இறந்தது ஒருவர்தான். ஹாலிஃபாக்ஸ் விமானத்தில் காட்டிய வீரத்துக்காக, பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்றவர் இவர் ஒருவரே.

கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இங்கே நிறுத்திவிடுவார்கள். ரைஹோப்பில் அந்தக் காலையில் சுரங்கத் தொழிலாளி ஒருவரும் அந்த விமானத்தால் இறந்தார் என்பது அடிக்குறிப்பாகப் போய்விடுகிறது.

இன்டர்காமில் கேட்காத இன்னொரு விஷயமும் இருந்தது. வானத்தில் திடீர் திடீரென்று பெரிய தீப்பந்து வெடிப்பதைக் குழுக்கள் பார்த்தன. அது பயமுறுத்துவதற்காக ஜெர்மானியர்கள் விடும் போலி வெடி, 'ஸ்கேர்குரோ', நம் ஊர் வயல்வெளியில் வைக்கிற சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி என்று அவர்களிடம் சொல்லப்பட்டிருந்தது. அப்படி ஒரு வெடியே கிடையாது. அவையெல்லாம் நிஜ விமானங்கள். மேல்நோக்கிச் சுடும் பீரங்கியைப் பொருத்திக்கொண்டு ஜெர்மன் விமானங்கள் அடிவயிற்றுக்குக் கீழே வந்து, இறக்கையில் இருக்கும் பெட்ரோல் தொட்டியைக் குறிபார்த்தன. அங்கே பார்ப்பதற்குக் கண் இல்லை. வாலில் இருப்பவருக்கும் தெரியாது, முதுகில் இருப்பவருக்கும் தெரியாது. கத்துவதற்கே ஆள் இல்லாதபோது இன்டர்காம் இருந்து என்ன?

பின்னாளில் பெரிய இயற்பியலாளரான ஃப்ரீமன் டைசன் அப்போது இருபது வயது இளைஞர், இந்தக் குண்டுவீச்சுப் படையின் (பாம்பர் கமாண்ட்) தலைமையகத்தில் கணக்குப் போடும் வேலை. அனுபவம் கூடக்கூடக் குழு பிழைக்கும் வாய்ப்பு கூடும் என்று எல்லோரும் நம்பினார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை, முப்பதாவது முறை போகிறவரும் முதல்முறை போகிறவரும் ஒன்றுதான். காரணம் இந்த அடிவயிற்றுத் தாக்குதல் என்று அவர் பிற்பாடு எழுதினார். இன்னொரு கணக்கு: சுடப்பட்ட அமெரிக்கப் பகல் விமானங்களிலிருந்து பாதிப் பேர் தப்பினார்கள், ஹாலிஃபாக்ஸிலிருந்து நூற்றுக்கு 25 பேர், லங்காஸ்டரிலிருந்து 15 பேர். லங்காஸ்டரின் தப்பிக்கும் கதவு ஹாலிஃபாக்ஸில் இருந்ததைவிட இரண்டு அங்குலம் குறுகல். அதை அகலப்படுத்த டைசனின் சகா ஒருவர் அலையாய் அலைந்தும் போர் முடிவதற்குள் ஒழுங்காக நடக்கவில்லை. பார்ட்டனின் குழு லங்காஸ்டரில் போயிருந்தால் அந்த மூவர் அவ்வளவு சுலபமாகக் குதித்திருப்பார்களா என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

இந்தப் படையில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் இறந்தார்கள். கீழே இருந்தவர்களையும் சொல்லியாக வேண்டும். ஹாம்பர்கில் 1943 ஜூலையில் மட்டும் முப்பதாயிரத்துக்கும் மேல், 1945 பிப்ரவரியில் டிரெஸ்டனில் ஏறக்குறைய 25,000. பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள். நகரங்களையே குறிவைப்பது என்பது கொள்கையாகவே இருந்தது, தவறி விழுந்த குண்டுகள் இல்லை. அதை நியாயப்படுத்த என்னால் முடியாது. லண்டன் கிரீன் பார்க்கில் இந்த வீரர்களுக்கு நினைவிடம் கட்டவே 2012 வரை ஆனதற்கு இந்தச் சங்கடமும் ஒரு காரணம். அங்கே எல்லா நாடுகளிலும் குண்டுவீச்சில் இறந்தவர்களையும் நினைத்து ஒரு வரி செதுக்கியிருக்கிறார்கள். கூரையில் பயன்படுத்திய அலுமினியத்தில், பெல்ஜியத்தில் விழுந்த ஒரு ஹாலிஃபாக்ஸிலிருந்து எடுத்ததும் சேர்ந்திருக்கிறது.

இந்தப் பக்கம் வருகிறவர்கள் ஈஸ்ட் கிர்க்பிக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். உள்ளே ஏற விட்டால், உத்திரத்தைத் தாண்டி ரேடியோக்காரர் இருக்கை வரை போய்விட்டு வால் பக்கம் திரும்பிப் பாருங்கள். நான் பார்த்தபோது என் பையன் அங்கே வாளிக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். நான் பார்த்ததில் எனக்குத் தெரிந்தது உத்திரமும் அதற்கு அப்பால் இருட்டும் மட்டும்தான். "டேய், எங்கடா இருக்கே?" என்று குரல் கொடுத்துத்தான் கண்டுபிடித்தேன்.